கற்பூரவல்லியில் கற்பூரம் உண்டா?

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ, மாடித் தொட்டியிலோ, அண்டை வீட்டு வேலியோரத்திலோ கற்பூரவல்லிச் செடி ஒன்று இருக்கக்கூடும். சில ஊர்களில் இதை ஓமவல்லி என்பார்கள். அதன் தடித்த இலையைப் பறிக்காமலே விரலால் இலேசாகத் தடவி, விரலை முகர்ந்து பாருங்கள். உறைப்பும் இனிமையும் கலந்த மணம் வரும். சற்று முன்பு அதே செடியின் அருகில் நின்றபோது இந்த மணம் அவ்வளவாகத் தெரியவில்லையே! தொட்டவுடன் எங்கிருந்து வந்தது?

இந்தச் சிறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஆவியாதல், விரவல், கொதிநிலை, பகுதி அழுத்தம் என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படிப்பவற்றையெல்லாம் ஓர் இலையிலே காணலாம். அதோடு வீட்டில் அடிக்கடி எழும் ஒரு வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லலாம். தம்பிக்கு இருமல். பாட்டி, "கற்பூரவல்லிச் சாறு கொடு, எல்லாம் சரியாகும்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் அண்ணன், "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்கிறான். இருவரில் யார் சொல்வது சரி? எவ்வளவு தூரம் சரி? நோயாளி சிறு குழந்தையாக இருந்தால் இது வெறும் பட்டிமன்றப் பொருளன்று. ஆகவே பொறுமையாகப் படிப்படியாகப் பார்ப்போம்.

பெயரும் குடும்பமும்

தாவரவியலில் இச்செடிக்குக் கோலியஸ் ஆம்பாய்னிகஸ் என்று பெயர். போர்ச்சுகீசிய அறிஞர் லூரெய்ரோ 1790-இல் இப்பெயரைச் சூட்டினார். இந்தோனேசியாவிலுள்ள ஆம்போன் தீவின் பெயரே இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னர் இதைப் பிளெக்ட்ராந்தஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார்கள். அண்மை ஆண்டுகளில் மரபணு ஆய்வுகளைக் கொண்டு மீண்டும் கோலியஸ் பேரினத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே புத்தகங்களில் இரு பெயர்களையும் காண்பீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'கியூபா ஆரிகனோ', 'ஸ்பானியத் தைம்', 'மெக்சிகோப் புதினா', 'இந்திய போரேஜ்' என்றெல்லாம் பெயர்கள் உண்டு. ஒவ்வொரு நாட்டாரும் இதை வேறொரு நாட்டுச் செடி என்று எண்ணியிருக்கிறார்கள் போலும்!

செடியின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். இளந்தண்டு உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருப்பது தெரியும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்திருக்கும். அரிதாகப் பூக்கும் வெளிறிய ஊதாப் பூ, மேலுதடு கீழுதடு என இரண்டாகப் பிரிந்திருக்கும். இவை புதினாக் குடும்பத்தின் அடையாளங்கள். துளசி, திருநீற்றுப் பச்சிலை, புதினா ஆகிய நம் ஊர்ச் செடிகளும், ஐரோப்பியத் தோட்டங்களில் தேநீருக்காக வளர்க்கும் லெமன் பாம், தைம் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மணமுள்ள இலை இக்குடும்பத்தின் பரம்பரைச் சொத்து.

மணம் இருக்கும் இடம்

ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். வெல்வெட்டுத் துணி போல நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் பார்த்தால், இம்மயிர்களில் இரு வகை இருப்பது தெரியும். ஒரு வகை கூர்மையாக முடியும். இது வெறும் போர்வை. மற்றொரு வகையின் நுனியில் சிறு குமிழ் இருக்கும். இக்குமிழ்கள்தான் சுரப்பிகள். செடி தயாரிக்கும் மண எண்ணெய், இச்சுரப்பிகளின் மேல் தோலுக்கடியில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

விரலால் தடவும்போது குமிழ்கள் உடைகின்றன. அடைபட்டிருந்த எண்ணெய் இலையின் மீதும் விரலின் மீதும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஆவியாதல் திரவத்தின் மேற்பரப்பில் நிகழ்வது என்று படித்திருக்கிறீர்கள். பரப்பு பெருகினால் ஆவியாகும் வேகமும் பெருகும். உங்கள் உடல் வெப்பமும் அதற்குத் துணை செய்கிறது. தொட்டவுடன் மணம் கிளம்புவதன் இரகசியம் இதுதான்.

நமக்கு இரசம் மணக்கவேண்டும் என்பதற்காகச் செடி இந்த எண்ணெயைச் செய்யவில்லை. இலையைக் கடிக்கவரும் பூச்சியின் வாயில் முதலில் உடைவது இக்குமிழ்களே. செடிக்கு இது ஒரு காவல்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

ஒரு கிலோ இலையை வடித்தால் கிடைக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைவு. மூன்று கிராம் எடையுள்ள ஓர் இலையில் 3 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு சிறிய பொருள் ஓர் அறை முழுவதும் மணப்பது எப்படி?

கணக்கிட்டுப் பாருங்கள். எண்ணெயில் உள்ள முக்கியப் பொருளின் மூலக்கூறு எடை 150. அதாவது 150 கிராமில் அவகாட்ரோ எண்ணிக்கையளவு மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கில் மட்டும், 4-க்குப் பின் 15 பூச்சியங்கள் போட்டால் வரும் அத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன. மூக்குக்குப் பஞ்சமே இல்லை.

வாயுக்களின் இயக்கக் கொள்கைப்படி, 27 டிகிரி செல்சியஸில் இம்மூலக்கூறு ஒன்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 220 மீட்டர். அப்படியானால் அறையின் மறுகோடியில் இருப்பவருக்கு மணம் கண்ணிமைக்கும் நேரத்தில் எட்டவேண்டுமல்லவா? எட்டுவதில்லை. ஏனெனில் ஒவ்வொரு மூலக்கூறும் காற்று மூலக்கூறுகளோடு இடைவிடாமல் மோதி, திசை மாறி, திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய சிறுவனைப் போல முன்னும் பின்னும் தள்ளாடித்தான் நகர்கிறது. இதுவே விரவல். உண்மையில் மணத்தை நம்மிடம் விரைவாகக் கொண்டுவருவது அறையில் ஓடும் காற்றோட்டமே.

ஓமத்தின் மணம் ஏன்?

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். கோயிலில் ஏற்றும் கற்பூரம் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட பொருள். கற்பூரவல்லியின் மணத்துக்கு முதற்காரணம் இதுவன்று. அதன் எண்ணெயில் மிகுதியாக இருப்பவை தைமால், கார்வக்ரால் என்னும் இரு பொருள்கள். ஒரு செடியில் இது மிகும், மற்றொன்றில் அது மிகும். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆகவே கற்பூரவல்லி என்பது மணத்தைப் புகழ்ந்து வைத்த பெயர். ஓமவல்லி என்பதோ வேதியியலுக்கும் பொருந்தும் பெயர்! ஓமத்தின் மணத்துக்குக் காரணமும் தைமாலேதான்.

ஓமம் கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி. கற்பூரவல்லிக்கு உறவே இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே மூலக்கூறைத் தனித்தனியே செய்யக் கற்றிருக்கின்றன. வேதியியலையே அறியாத நம் முன்னோர், மூக்கை மட்டும் கருவியாகக் கொண்டு இரண்டையும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள்.

தைமாலுக்கும் கார்வக்ராலுக்கும் உள்ள வேறுபாடு வியப்பானது. இரண்டிலும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. ஆனால் ஆக்சிஜன் அணு ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. இத்தகையவற்றை மாற்றியங்கள் என்பர். இந்த ஓர் இடமாற்றத்தால் தைமால் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில்தான் உருகுகிறது. நம் ஊர் வெயிலிலும் அது படிகம். கார்வக்ராலோ 1 டிகிரி அளவிலேயே உருகிவிடுகிறது. ஆகவே நம் ஊரில் அது எப்போதும் எண்ணெய்.

தைமாலை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலார் காஸ்பர் நாய்மன். ஆண்டு 1719. அவர் எடுத்தது தைம் செடியிலிருந்து. தைமால் என்ற பெயரும் அதனால் வந்ததே. முதல் உலகப் போருக்கு முன்னர், இந்தியாவிலிருந்து ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறிச் சென்றது, தைமால் எடுப்பதற்காகவே. அக்காலத்தில் கொக்கிப் புழு நோய்க்குத் தைமால் சிறந்த மருந்து. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909 முதல் 1914 வரை ராக்பெல்லர் குழுவினர் நடத்திய கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தில் இதைத்தான் கொடுத்தார்கள். கொடுத்த அளவு கிராம் கணக்கில். அதோடு ஒரு கடும் எச்சரிக்கையும் உண்டு. மருந்து உட்கொண்ட நாளில் எண்ணெய்ப் பண்டமோ மதுவோ கூடாது. அவற்றில் தைமால் கரைந்து உடலுக்குள் மிகுதியாக உறிஞ்சப்பட்டால் அதுவே நஞ்சாகிவிடும். தைமாலைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்த பின் இந்தப் பழக்கம் மறைந்தது.

இந்த வரலாற்றில் ஒரு சொல்லை மட்டும் நினைவில் வையுங்கள்: அளவு. இலையில் மில்லிகிராம், மருந்தில் கிராம். நடுவே ஆயிரம் மடங்கு.

வளர்ப்பது எப்படி?

கற்பூரவல்லியை வளர்க்க விதை தேவையில்லை. நன்கு வளர்ந்த கிளையின் நுனியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொள்ளுங்கள். நுனியில் நான்கைந்து இலைகளை மட்டும் விட்டுக் கீழிலைகளைக் கிள்ளிவிடுங்கள். வேர் இல்லாத தண்டால் நீரைப் போதிய அளவு உறிஞ்ச இயலாது. ஆனால் இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். வரவு குறைந்த வீட்டில் செலவைக் குறைப்பது போன்றதே இது.

செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்பி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்குமாறு நடுங்கள். முதல் வாரம் நிழலில் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிடும். இப்படி வளர்ந்த செடி தாய்ச் செடியின் அச்சு அசலான நகல். தாயில் தைமால் மிகுந்திருந்தால் சேயிலும் அதுவே மிகும். ஆகவே நல்ல மணமுள்ள செடியிலிருந்து கிளையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இச்செடி பெரும்பாலும் வாடிச் சாவதில்லை, நீரூற்றிக் கொல்லப்படுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் காற்று இருக்கவேண்டும். வேரும் மூச்சு விடவேண்டுமல்லவா? சந்துகள் முழுவதும் நீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் அந்நீரின் ஊடே விரவித்தான் வேரை அடைய முடியும். காற்றில் விரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் விரவுவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவானது. வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். ஆகவே விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். மண்தொட்டியாக இருந்தால் அதன் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாகும். பானைத் தண்ணீர் குளிர்வது போல வேர்ப் பகுதியும் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் அதிக நாள் தங்கும். ஆகவே அதற்கு நீரைக் குறைத்து ஊற்றவேண்டும்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடம் ஏற்றது. செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் பொருள் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் பக்கக் கிளைகள் புறப்பட்டுச் செடி புதராகும். கிள்ளிய கொழுந்து அன்றைய இரசத்துக்கு ஆகும்!

பறிப்பதும் பயன்படுத்துவதும்

இலை மிகச் சிறியதாக இருக்கும்போதே சுரப்பிகளில் பெரும்பாலானவை தோன்றிவிடுகின்றன. பின்னர் இலை விரிய விரிய, ஊதிய பலூனின் மீது இட்ட புள்ளிகளைப் போல அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஆகவே ஒரே எடையுள்ள முற்றிய இலைகளைவிட இளம் இலைகள் அதிகம் மணக்கும்.

புதினா, துளசியைப் போல இதைக் காயவைத்துச் சேமிக்கலாமா? முயன்று பாருங்கள். இதன் எடையில் 90 சதவிகிதத்துக்கு மேல் நீர்தான். 100 கிராம் இலையை நிழலில் காயவைத்தால் மிஞ்சுவது 10 கிராமுக்கும் குறைவே. தடித்த இலையாதலால் காயப் பல நாள் ஆகும்; அதற்குள் மணத்திலும் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். வேண்டும்போது பறித்துக்கொள்வதே நல்லது. செடிதான் சிறந்த சேமிப்புக் கலன்.

துவையல், தயிர்ப் பச்சடி ஆகியவற்றுக்கு இலையை அப்படியே அரைக்கலாம். பஜ்ஜியோ எல்லாருக்கும் பிடித்தது! கொதிக்கும் எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 170, 180 டிகிரி. ஆனால் மாவுக்குள் இருக்கும் இலையில் நீர் உள்ளவரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மாவுப் போர்வை மணத்தையும் ஓரளவு உள்ளேயே காத்துத் தருகிறது.

மூடி போடவேண்டும், ஏன்?

கஷாயத்துக்கு வருவோம். இலையைத் தண்ணீரில் போட்டு, "பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சு" என்பது பலர் வீட்டு வழக்கம். இங்கேதான் இயற்பியல் நமக்கு உதவுகிறது.

தைமாலின் கொதிநிலை ஏறத்தாழ 232 டிகிரி. கார்வக்ராலுடையது 237 டிகிரி. "தண்ணீரோ 100 டிகிரியில் கொதிக்கிறது; ஆகவே தண்ணீர் ஆவியாகலாம், தைமால் பாத்திரத்திலேயே தங்கிவிடும்" என்று நினைக்கத் தோன்றும். அது தவறு.

ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாகும்போது அது கொதிக்கிறது. ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் ஒரே பாத்திரத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் மற்றதைப் பொருட்படுத்தாமல் தன் ஆவியழுத்தத்தைச் செலுத்தும். இரண்டின் கூட்டுத்தொகை 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எட்டியவுடன் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். டால்டனின் பகுதி அழுத்த விதி இதுவே. 100 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் தைமாலின் ஆவியழுத்தம் சுமார் 7 மில்லிமீட்டர். மீதி 753 மில்லிமீட்டர் நீருடையது. இனிக் கணக்கிடுவோம். வெளியேறும் ஆவியில் எடை விகிதம், 7-ஐ 150-ஆல் பெருக்கியதற்கும் 753-ஐ 18-ஆல் பெருக்கியதற்கும் உள்ள விகிதமாகும். அதாவது தைமால் தாராளமாக இருந்தால், 100 கிராம் நீராவி 7 முதல் 8 கிராம் வரை தைமாலைத் தூக்கிச் செல்ல வல்லது!

உங்கள் பாத்திரத்தில் இருப்பதோ சில மில்லிகிராம் மட்டும். அது ஓரளவு நீரில் கரைந்திருக்குமாதலால் மேற்கண்ட கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வெளியேறும் நீராவி அதை விட்டுவைப்பதில்லை. சுண்டச் சுண்ட மணம் கூரைக்குப் போகிறது. பாத்திரத்தில் மிஞ்சுவது கசப்பும் நிறமுமே. அடுப்பங்கரை முழுவதும் மணக்கிறது என்று மகிழாதீர்கள். அடுப்பங்கரை மணந்தால், கஷாயத்தில் மணம் குறைந்துவிட்டது என்று பொருள்.

இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வாலைவடிப்போர். நீராவியைத் தப்பவிடாமல் குழாய் வழியே செலுத்திக் குளிரவைத்தால் மணப்பொருளும் நீரும் சேர்ந்து சொட்டும். கடைகளில் விற்கும் ஓமத் திரவம் இப்படிச் செய்வதே.

ஆகவே மணமுள்ள இலைகளுக்கு விதி எளியது. தண்ணீரைத் தனியே கொதிக்கவைத்து இறக்குங்கள். கிள்ளிய இலைகளை அதில் போட்டு உடனே மூடிவிடுங்கள். ஐந்து அல்லது பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறக்கும்போது, அதன் அடியில் நிற்கும் துளிகளையும் உள்ளேயே வழித்துவிடுங்கள். இரசத்திலும் இலையைக் கடைசியில் போட்டு மூடுவதே சரி. (வேர், பட்டை ஆகியவற்றைக் காய்ச்சுவது வேறு கதை, அவற்றில் நாம் தேடும் பொருள்கள் பல ஆவியாகாதவை.)

சளி போகுமா?

இப்போது பாட்டி, அண்ணன் வழக்கு. தைமாலும் கார்வக்ராலும் ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன என்பது உண்மை. அவை கிருமியின் சவ்வைச் சிதைக்கின்றன. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் எந்த அளவில்? ஒரு லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் அளவில்.

நம் இலையில் இருப்பது 3 மில்லிகிராம். ஐந்து இலைகளின் சாற்றைக் குடித்தால் 15 மில்லிகிராம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. குடித்தது முழுவதும் சிதையாமல் இரத்தத்தில் கலந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான். வேண்டியதில் நூற்றில் ஒரு பங்கு! உண்மையில் கல்லீரல் அதையும் விரைவில் மாற்றிவிடுகிறது. ஆகவே நுரையீரலில் புகுந்துவிட்ட கிருமியை இலைச் சாறு கொன்றுவிடும் என்று நம்ப இடமில்லை.

அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? அவசரப்படாதீர்கள். நம் தோலிலும் வாயிலும் மூக்கிலும் வெப்பத்தை உணரும் நுண்ணிய வாயில்கள் நரம்புகளிலும் மேல்தோல் செல்களிலும் உண்டு. அவற்றுள் ஒரு வகையைக் கார்வக்ராலும் தைமாலும் திறந்துவிடுகின்றன என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய வெப்ப, தொடு உணர்வு வாயில்களைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கற்பூரவல்லியைச் சுவைத்ததும் தொண்டையில் இதமான சூடு பரவுவது கற்பனையன்று. வெதுவெதுப்பான நீர் தொண்டையை நனைக்கிறது. காரம் உமிழ்நீரைப் பெருக்குகிறது. இருமல் சற்று அடங்கியது போலிருக்கிறது. சாதாரணச் சளியோ வைரசால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே நீங்கிவிடும். அந்த ஒரு வாரத்தைத் துன்பம் குறைவாகக் கழிக்க இலை உதவுகிறது. இதம் தரும் என்பதில் பாட்டி வென்றார்; நோயைத் தீர்க்காது என்பதில் அண்ணன் வென்றான்.

ஆனால் இருவரும் சேர்ந்து தோற்கக்கூடிய ஓர் இடம் உண்டு. அது நிமோனியா. அதுவும் இருமலாகவே தொடங்குகிறது. "நாளைக்குப் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் சாறு கொடு" என்று கடத்தும் ஓர் இரவு உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறையை உங்களைப் போன்ற மாணவரும் செய்யலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. மூச்சின் எண்ணிக்கை இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்கினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, அப்போதே புறப்படவேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதில் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிக்கவைக்க வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் பலர். புட்டியில் விற்கும் செறிந்த எண்ணெய் இலைக்குச் சமமன்று. அதை ஒருபோதும் குடிக்கக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயரைப் பார்த்து ஏமாந்து உண்மையான கற்பூரத்தைக் குழந்தையின் வாயில் வைக்காதீர்கள். ஒரு கிராம் அளவுகூடச் சிறு குழந்தைக்கு வலிப்பையும் உயிராபத்தையும் உண்டாக்கலாம். கற்பூரவல்லியில் கற்பூரம் உண்டா என்று தொடக்கத்தில் கேட்டது வெறும் விளையாட்டுக்காக அன்று.

செய்து பாருங்கள்

கடைசியாக ஒரு சோதனை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரே அளவான இரண்டு பாத்திரங்களில் சம அளவு தண்ணீரும் ஐந்தைந்து இலைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்து வைத்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, குறைந்த நீரை மீண்டும் ஊற்றிச் சமன் செய்யுங்கள். மற்றதில் கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள். இரண்டும் ஒரே அளவு ஆறியபின் வடிகட்டி, ஒரே மாதிரியான குவளைகளில் ஊற்றுங்கள்.

பத்து நண்பர்களின் கண்ணைக் கட்டி, எது அதிகம் மணக்கிறது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். எந்தக் குவளை எது என்பது கேட்பவருக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. வெறும் குருட்டு ஊகமாக இருந்தால் பத்துப் பேரில் ஐவர் அளவிலே மூடிய குவளையைச் சொல்வார்கள். பத்துப் பேரும் அதையே சொன்னார்களா? தற்செயலாக அப்படி நிகழும் வாய்ப்பு 1,024-இல் ஒன்றுதான்.

முடிவை ஒரு தாளில் எழுதிப் பாட்டியிடம் காட்டுங்கள். அண்ணனிடமும் காட்டுங்கள். இனி அவர்களும் மூடியை எடுக்கமாட்டார்கள்!